ஆறாவது இடம்

குழல்வாய்மொழி எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம், மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போடத் தெரியாமல் கால் மணி நேரம் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். கேட்டால் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமே என்று பயம். நான் போய்ப் பின்பக்கச் சுவிட்சைத் தட்டிவிட்டு, "எனக்கும் மொத நாள் இது தெரியாதுட்டி" என்றேன். அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும் நம்பினாள். பின்னால் நடந்த கெடுதலெல்லாம் அந்த நம்பிக்கையில் இருந்துதான் வந்தது.

என் பெயர் பொன்செல்வி. சொந்த ஊர் வடகரை. தென்காசியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆராய்ச்சி மையத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன், அப்போது நாலாவது வருஷம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற ஆய்வு மாணவர் ஒருவரைத் துணையாகப் போடும் ஏற்பாடு அந்த வருஷம்தான் வந்தது. ‘பியர் மென்டர்’ என்று பெயர். மாதம் ஒரு தடவை சந்தித்து, என்ன பேசினோம் என்று ஒரு படிவத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கிடைத்தவள் குழல்வாய்மொழி, குழலி என்றுதான் கூப்பிடுவோம். அவள் சுந்தரபாண்டியபுரம். அப்பா அம்மாவுக்கு விவசாயம், அண்ணன் போலீசில். வீட்டில் முதல் பிஎச்.டி. அவள்தான். நானும் எங்கள் வீட்டில் முதல்.

நான் மோசமான துணை இல்லை. வலையை எப்படிப் பிடிப்பது, சாரிடம் எந்த நேரத்தில் எதைக் கேட்பது, ஆங்கிலத்தில் செமினார் பேசும்போது வார்த்தை வராவிட்டால் தண்ணீர் குடிப்பது போல எப்படிச் சமாளிப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவள் முதல் செமினார் முடித்துவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பயப்படாதட்டி, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். என் பயம் ஒன்றைக்கூட அவளிடம் சொன்னதில்லை.

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் தேய்க்கும் எண்ணெயும் சோப்பும் ஓடையை என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆய்வு. தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தால் அந்த நிமிஷத்து நிலைமைதான் தெரியும். கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் பூச்சிகளை எண்ணினால் பல மாதத்து நிலைமை தெரியும். மேஃப்ளை என்று ஒன்று, நகத்தளவுதான் இருக்கும், வாலில் மூன்று நூல். அழுக்குத் தண்ணீரில் அது தங்காது. அருவிகளுக்குக் கீழே ஐந்து இடங்களில் மாதா மாதம் எண்ணினேன். ஒப்பிட்டுப் பார்க்க, யாருமே குளிக்காத ஓர் இடமும் வேண்டும். ஐந்தருவிக்கு மேலே ஒரு தனியார் தோப்புக்குள் ஓடும் ஓடையில் அப்படி ஒன்று கிடைத்தது. அதுதான் ஆறாவது இடம்.

என்னுடைய இரண்டாவது வருஷம் ஜூன் கடைசியில் அங்கே விழுந்தேன். ஓடை நடுவில் ஒரு தட்டைப் பாறை. அதற்கும் கரைக்கும் நடுவே பாசி பிடித்த உருண்டைக் கற்கள். ஒரு கல் புரண்டு, என் கால் கற்களின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் தலைக்கு மேலே போயிற்று. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறும்போது, இவ்வளவுதானா என்ற ஒரு நினைப்பு மட்டும் ரொம்பத் தெளிவாக வந்தது. தோப்புக் காவல்காரர் தளவாய் அண்ணாச்சி என் சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

ஜூலையில் தோப்பு வாசல்வரை போனேன். உள்ளேயிருந்து ஓடைச் சத்தம் கேட்டது. ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போடக்கூடக் கை ஓடவில்லை. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அப்போது ஆய்வகத்தில் எனக்கு முன்னால் சேர்ந்த மூன்று பேர் இருந்தார்கள். அவரவர் மேசையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கைடு ஏசுவடியான் சாரிடம் சொன்னால், "தண்ணிக்குப் பயந்தவ ஏன் இந்தத் தலைப்பை எடுத்தே?" என்று கேட்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நன்னகரத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, ஜூன் மாதக் கணக்கைப் பார்த்து, கொஞ்சம் ஏற்றி, அறுபத்து நான்கு என்று நோட்டில் எழுதினேன். ஆகஸ்டுக்கு ஐம்பத்தெட்டு. செப்டம்பரில் தண்ணீர் வற்றியபின் தளவாய் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் உண்மைதான்.

ஆனால் சாரும் நானும் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்த ஜூலை எண்ணின் மேல்தான் நின்றது. சீசன் மாதம், கூட்டம் அலைமோதுகிற மாதம். அருவிக்குக் கீழே எட்டு, ஆறாவது இடத்தில் அறுபத்து நான்கு. அச்சில் வந்தபோது ஏசுவடியான் சார் அந்த வரைபடத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டினார். ஒன்றரை வருஷம் அதன் கீழே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன்.

குழலியின் வேலை, என்னுடைய ஆறு இடங்களிலும் மறுபடி எண்ணி, இரண்டு வருஷத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது. இதை சார் முடிவு செய்த அன்றே எனக்குள் ஒரு குளிர் இறங்கியது. ஜூலை வரட்டும், அதற்குள் ஏதாவது நடக்கும் என்று இருந்தேன். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை முதல் வாரம் நோட்டோடு வந்தாள்.

"அக்கா, மத்த எல்லா எடத்துலயும் உங்க கணக்கை ஒட்டித்தான் வருது. ஆறாவது எடத்துல மட்டும் பதினொண்ணுதான் இருக்கு."

அவள் எண்ணியதுதான் சரி என்று கேட்ட நிமிஷமே எனக்குத் தெரிந்தது. சீசனில் ஓடை பெருகும்போது பூச்சிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும். பேக்கரியில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு அது தோன்றவில்லை. ஆனாலும் வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"கல்லை நல்லாக் கிளறுனியா? அவசரப்பட்டிருப்பே. மறுபடி எடு."

மறுபடி எடுத்தாள். ஒன்பது. தென்காசியில் கண் டாக்டரிடம் போய்ப் பவர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். மாறவில்லை என்று சீட்டை என்னிடம் காட்டினாள். அதிலும் அவளுக்கு வருத்தம்தான். அந்த மாதப் படிவத்தில், ‘மாதிரி சேகரிக்கும் முறையைப் பற்றி விவாதித்தோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள்.

வியாழக்கிழமை ஆய்வகக் கூட்டத்தில் சார் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"பொன்செல்விக்கு அறுபத்து நாலு. ஒனக்கு ஒன்பது. ஓடை மாறிப்போச்சா, இல்ல எடுக்குத கை சரியில்லையா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீதானம்மா இவ மென்டர்? கூடப் போய்க் காட்டிக் குடுக்கலையா?"

"போறேன் சார்" என்றேன்.

குழலி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கிடந்து அடித்தது. நான் நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘அக்கா இன்னைக்குச் சரியா எடுத்துட்டுதான் வருவேன். உங்களுக்கு இனிமே என்னால கெட்ட பேரு வராது.’

தென்காசியில் சாரல்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆய்வக ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். மலையே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மட்டும் நின்றது. மேலே கொட்டுகிறது என்று அர்த்தம். அவளைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. அதற்குள் பக்கத்து மேசைக்காரர் போனில் பார்த்துவிட்டு, "மெயினருவி, அஞ்சருவி எல்லாத்துலயும் குளிக்கத் தடை போட்டுட்டாவ" என்றார்.

ஸ்கூட்டியை எப்படி எடுத்தேன், நன்னகரத்தை எப்படித் தாண்டினேன் என்று நினைவில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து வழி தெரியவில்லை. குற்றாலத்துக்குள் நுழையும்போதே அருவிச் சத்தம் வேறாக இருந்தது. வழக்கமாக இரைச்சல், அன்று உறுமல். குளிக்க வந்தவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே அருவி செம்மண் நிறத்தில் கொட்டியது. ஆறாவது இடத்து ஓடைக்கும் அதே மழைதான்.

தோப்பு வாசலில் தளவாய் அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பிள்ளை உள்ளதானம்மா போயிருக்கு. இன்னைக்கு வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல."

"எவ்வளவு நேரமாச்சு அண்ணாச்சி?"

"ஒரு மணி நேரம் இருக்கும். நானும் ரெண்டு வாட்டி போய்ச் சத்தம் குடுத்தேன். இந்தா வாரேன்னு சொல்லுது, வர மாட்டேங்கு. இப்ப தண்ணி நெறம் மாறுது, அதான் கயித்தை எடுக்க வந்தேன்."

காவல் கொட்டகையிலிருந்து அவர் வடக்கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கிராம்பு மரங்களுக்கு நடுவே ஏறினோம். நான் ஓடினேன். அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"நான் ஒண்ணு கேக்கேன். நீ அந்த வருஷம் விழுந்த பெறவு ஆடி பூரா இந்தப் பக்கமே வரலையேம்மா. அந்தப் பிள்ளை என்னன்னா, அக்கா இந்த மாசத்துலதான் நெறைய எடுத்திருக்காவன்னு சொல்லுது."

நான் நின்றுவிட்டேன்.

"அவகிட்ட இதைச் சொன்னியளா?"

"சொன்னேன். எனக்கு மறதின்னுட்டு. அக்கா வராம எழுத மாட்டாவன்னு அடிச்சுச் சொல்லுது."

அதற்குமேல் ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஓடினேன். ஒருத்தி செத்துப்போனால் அதற்கு நான்தான் காரணம் என்று அவ்வளவு அப்பட்டமாக அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் அவள் அம்மாவை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தூக்கில் அதிரசம் போட்டுக் கொடுத்து, "நீங்க இருக்கிய, அதனால நாங்க பயமில்லாம இருக்கோம்" என்று சொன்னாள். அந்த முகம் முன்னால் முன்னால் வந்தது.

ஓடை தெரிந்தது. கருங்காப்பி நிறம். குழலி நடுப்பாறையில் மண்டியிட்டுக்கொண்டு, பாறையின் அந்தப் பக்கத்தில் வலையை விட்டுக் கல்லைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். கரைக்கும் பாறைக்கும் நடுவே முழங்கால் அளவு இருக்க வேண்டிய தண்ணீர் தொடைக்கு மேல் இருக்கும் போலத் தெரிந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை.

"குழலி! ஏட்டி குழலி! வந்திரு!"

மூன்றாவது தடவைதான் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று அர்த்தம்.

"வேண்டாம்ட்டி! வா!"

அவள் மறுபடி வலைக்குத் திரும்பினாள். என் மேல் உள்ள விசுவாசத்தில் அவள் செத்துக்கொண்டிருந்தாள். தளவாய் அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். வேறு வழியே இல்லை.

"அந்தக் கணக்கு பொய்ட்டி! அறுபத்து நாலு பொய்!"

அவள் கையைக் காதில் குவித்தாள்.

"பொய்! நான் இங்கன வரவே இல்ல! பயந்துபோய் பேக்கரியில உக்காந்து எழுதுனேன்! ஒன் கணக்குதான் சரி!"

கேட்டுவிட்டது. அவள் முகம் மாறியது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. வலை கையிலிருந்து நழுவி ஓடையில் போயிற்று. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பாறைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு முறிந்த கிளை வந்தது. அதன் பின்னால் சருகும் நுரையும் ஒரு பாய் மாதிரி வந்தன. தளவாய் அண்ணாச்சி, "வந்துட்டு, வந்துட்டு" என்று கத்திக்கொண்டே கயிற்றின் ஒரு முனையை ஜாதிக்காய் மரத்தில் சுற்றினார். மறு முனையை வீசினார். பாறைக்கு எட்டவில்லை. மறுபடி வீசினார். தண்ணீர் அதைக் கீழே இழுத்துப் போயிற்று.

"இதை யாராச்சும் கொண்டுதான் போகணும்" என்றார். "நான் போனா கயித்தைப் பிடிக்க ஒனக்கு வலு காணாதும்மா."

என் இடுப்பில் அவர்தான் கட்டினார். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுவதுபோல. தண்ணீர் ஓரத்தில் போய் நின்றதும் கால் அசையவில்லை. பொய் இல்லை, அசையவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடித்த தண்ணீரின் ருசி தொண்டையில் வந்தது, பாசியும் இரும்பும் கலந்த மாதிரி. ஓடிப்போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, வராதிய!" என்று பாறையிலிருந்து கத்தினாள். "நீங்க வராதிய, நீங்க விழுந்திருவிய!"

அந்த நிலைமையிலும் அவள் எனக்காகப் பயந்தாள். அதைக் கேட்டதும் கால் நகர்ந்தது.

முதல் அடி. இரண்டாவது. தண்ணீர் இடுப்பில் மோதி உடம்பைத் திருப்பியது. காலடியில் கற்கள் உருண்டன. ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தடவித் தடவி வைத்தேன். கண்ணை அவள் மேலேயே வைத்திருந்தேன், தண்ணீரைப் பார்த்தால் போயிற்று. பாறைக்கு இரண்டு முழம் இருக்கும்போது ஒரு கல் புரண்டது. விழுந்தேன். தண்ணீர் தலைக்கு மேல் போனது. கயிறு இடுப்பை வெட்டியது. கையை வீசியதில் ஏதோ பட்டது. குழலியின் தோள்பை வார். அவள் பாறையை விட்டு என் பக்கமாகவே குதித்திருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி எங்கே பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டோம். தளவாய் அண்ணாச்சி இழுத்தார். முட்டி, முழங்கை, தாடை எல்லாம் கல்லில் இடித்துக்கொண்டே கரைக்கு வந்தோம்.

திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறை இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் மேடாக எழும்பி இறங்கியது.

காவல் கொட்டகையில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி சாக்கைப் போர்த்திவிட்டு, அடுப்பில் கட்டன்சாயா போட்டார். இரண்டு பேருக்கும் பல் தந்தியடித்தது. குழலியின் தாடையில் ரத்தம் உறைந்திருந்தது. துடைக்கக் கையை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கண்ணு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள். "எனக்கு இந்தப் படிப்பு வராது, விட்டுட்டு வீட்டுக்குப் போயிரலாம்னு எங்க அண்ணங்கிட்ட பேசிட்டேன். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. மறுபடி எடு, மறுபடி எடுன்னிய."

"ஆமா."

"ஏன்க்கா சொல்லல?"

"பயம்ட்டி."

"எனக்குத்தான் பயம், உங்களுக்குப் பயமே கெடையாதுன்னு இருந்தேன்." அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "இங்கன விழுந்தேன், அதுக்கப்புறம் எறங்கப் பயந்தேன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா, நானும் பயமா இருக்குன்னு சொல்லியிருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. ஒவ்வொரு மாசமும் இந்தத் தோப்பு வாசல்ல நின்னு அழுதுட்டுத்தான் உள்ள வருவேன்."

எனக்கு அது தெரியாது. ஏழு மாதம் அவளுக்குத் துணையாக இருந்தேன், ஏழு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு நீச்சல் தெரியாது என்று எனக்குத் தெரியாது.

"திங்கக்கிழமை சார்ட்ட சொல்லிருதேன்" என்றேன்.

அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அவள் ஹாஸ்டலில் இறக்கிவிட்டேன். பின்னால் உட்கார்ந்து வந்தவள் என் தோளைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் நான் படுத்தேயிருந்தேன். அம்மா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள். உண்மையில், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மறுபடியும் யோசித்தேன். குழலி ஒருத்திக்குத்தானே தெரியும். அவள் சொல்ல மாட்டாள். அப்படி ஒரு நினைப்பு வந்ததே எனக்குத் தண்ணீரைவிடப் பெரிய பயமாக இருந்தது. இன்னும் ஒருத்தி இதில் உடந்தை ஆகிவிடுவாள்.

திங்கட்கிழமை சாரின் அறை வாசலில் போய் நின்றபோது, குழலி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். தாடையில் பிளாஸ்திரி.

"நீ ஏன் வந்தே?"

"உள்ள வர மாட்டேன். இங்கன நிக்கேன். நீங்க திரும்பிப் போயிருவியளோன்னுதான்."

உள்ளே போனேன். ஏசுவடியான் சார் விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது, திரும்பி வந்தது, பேக்கரி, இரண்டு எண்கள், சனிக்கிழமை. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேற எங்கயாவது?"

"இல்ல சார். ஒரே எடம், ரெண்டு மாசம்."

"ஒம் பேச்சை நான் எப்படி நம்புதது?"

கொண்டுபோயிருந்த அந்த வருஷத்து நோட்டை அவர் மேசைமேல் வைத்தேன்.

"அந்தக் கட்டுரையில என் பேரும் இருக்கு" என்றார். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "விழுந்தேன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"திட்டுவியன்னு பயந்தேன் சார்."

"திட்டியிருப்பேன்" என்றார். "அந்தப் பிள்ளைய வரச் சொல்லு. வெளிய நிக்குதா?"

குழலி உள்ளே வந்தாள். அவர் அவளிடம், "வியாழக்கிழமை நான் பேசுனது தப்பும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் ஒரு மாணவியிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடம் அடுத்த மூன்று மாதமும் வேலை விஷயத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதினோம். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். கல்லூரி ஒரு விசாரணைக் குழு போட்டது. மூன்று பேர் முன்னால் இரண்டு தடவை உட்கார்ந்தேன். என் எல்லா நோட்டுகளையும் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்கள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, ஒரு வருஷம் கூடுதலாக வேலை செய்து புதிதாக எழுத வேண்டும் என்று முடிவானது. மென்டர் பட்டியலில் இருந்து என் பெயரை அடித்தார்கள். சுவரில் இருந்த வரைபடத்தை நானே கிழித்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்ன நாளைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் வேறு. அந்த வருஷம் ஜூலையில் ஆறாவது இடத்தில் எத்தனை பூச்சிகள் இருந்தன என்று இனி யாருக்கும் தெரியாது. குழலியின் பதினொன்று முன்பைவிடக் குறைவா, கூடுதலா என்று சொல்ல ஆள் இல்லை. அவள் தன் ஆய்வை, ‘இதுதான் முதல் வருஷம்’ என்று ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அவள் என்னிடம் சரியாகப் பேச நவம்பர் ஆகிவிட்டது. அதுவும் முதலில் வேலை விஷயம் மட்டும்தான். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "நீச்சல் கத்துக்கப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு. வருவியளா?" என்றாள். மேலகரம் பக்கம் ஒரு பெரிய கிணற்றில், டயர் ட்யூபைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். அவள் பத்து நாளில் மிதந்தாள். எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் ட்யூபை விட்ட நிமிஷத்தில் நான் அலறிய அலறலில் தோட்டத்துக்காரர் ஓடி வந்தார். குழலி படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த ஜூலைக்குப் பிறகு அவள் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல்.

அடுத்த வருஷம் பாஹிமா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவளுக்கு மென்டர் குழலி. முதல் நாளே அவளை உட்கார வைத்து, "எனக்கு எதுக்கெல்லாம் பயம்னு மொதல்ல சொல்லிருதேன், அப்புறம் நீ சொல்லு" என்று ஆரம்பித்தாள். பட்டியல் கொஞ்சம் நீளம். சாரின் செருப்புச் சத்தம், ஆங்கிலத்தில் கேள்வி, ஓடை, ஸ்பிரிட் பாட்டில் உடைவது. பாஹிமா முதலில் விழித்தாள். பிறகு மெதுவாக, தனக்குப் பூச்சியைத் தொடவே பயம் என்றாள். பூச்சியை ஆராய்ச்சி செய்ய வந்தவள்! அதைக் குழலி சிரிக்காமல்தான் கேட்டாள்.

இப்போது ஆறாவது இடத்துக்கு யாரும் தனியாகப் போவதில்லை. போன ஜூலையில் நானும் குழலியும் போனோம். மலை தெளிவாக இருந்த நாளாகப் பார்த்துப் போனோம். தளவாய் அண்ணாச்சி கயிற்றோடு கரையில் நின்றார். அவள் இறங்கி வலை பிடித்தாள். நான் கரையில் வெள்ளைத் தட்டில் பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதினேன். தண்ணீர்ச் சத்தம் அதிகமாகும்போதெல்லாம், "குழலி, எனக்குப் பயமா இருக்கு" என்று சத்தமாகச் சொல்வேன். "எனக்கும்தான்" என்று அவள் அங்கிருந்து சொல்வாள். இரண்டு பேரும் மலையைப் பார்ப்போம். சரியாக இருந்தால் தொடர்வோம்.

அன்று எடுத்து முடித்ததும் அவள் கரையேறி வந்தாள். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். பிறகு என் கையிலிருந்து நோட்டை வாங்கி, தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மறுபடி எண்ணி, நான் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

நான் காத்திருந்தேன்.

"சரியா இருக்கு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.